கைக்கு வந்த கேமரா, பெயருக்கு வந்ததா? புதுச்சேரி வீதிகளில் ஒரு செகண்ட் ஹேண்ட் பாடம்!

காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வந்தால் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். வேகவேகமாக நடைப்பயிற்சி செய்பவர்கள் ஒரு வகை. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்காக வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஜோடிகள் இன்னொரு வகை. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை இந்தச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதனால், சூரியன் கடலை விட்டு எழும்பும் நேரத்தில் நடுச்சாலையிலேயே நின்று படம் எடுக்கலாம். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்று பின்னணிக்குப் பஞ்சமே இல்லை.

வெயில் ஏறியதும் கூட்டம் அப்படியே துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி பக்கம் நகரும். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், சுவரைத் தாண்டி எட்டிப்பார்க்கும் காகிதப்பூ. ஆங் லீ இயக்கி 2012-ல் வெளியான 'லைஃப் ஆஃப் பை' படத்தின் கேமராக்கள்கூட இந்த ஊருக்கு வந்து போயிருக்கின்றன.

ஜோடிகள் போஸ் கொடுக்கிறார்கள், சரி. அவர்களைப் படம் எடுக்கிறவர் கையில் இருக்கும் கேமரா யாருடையது? 'இது என்ன கேள்வி, அவருடையதுதானே' என்று தோன்றும். ஆனால், அது பழைய கேமராவாக இருந்தால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. கல்யாணப் புகைப்படத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பலர் முதலில் வாங்குவது செகண்ட் ஹேண்ட் கேமராதான். பணம் கொடுத்தாகிவிட்டது, பொருள் கைக்கு வந்துவிட்டது. ஆனால், அந்தக் கேமராவைத் தயாரித்த நிறுவனத்தின் பதிவேட்டில் இன்னும் பழைய சொந்தக்காரரின் பெயர்தான் இருக்கும்.

கைக்கு வருவது ஒன்று, பெயருக்கு வருவது வேறொன்று. இந்த வித்தியாசத்தைப் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் ஊரின் கதையே அதுதான்.

பலமுறை கைமாறிய ஊர்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றிய சில ஆண்டுகளிலேயே, 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1699-ல் அது பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. 1761-ல் ஆங்கிலேயர்கள் கைப்பற்றி, கோட்டையையும் நகரத்தையும் இடித்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1778-லும் 1793-லும் மறுபடி பிடித்தார்கள். கடைசியாக 1816-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து நிலைத்தது.

அதைவிடச் சுவையான கதை இந்தியாவோடு இணைந்தபோது நடந்தது. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால், அது கைமாற்றம் மட்டும்தான். ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28-ல். அதற்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்து, சட்டப்படி ஊர் இந்தியாவுக்குச் சொந்தமானது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் புதுச்சேரி இந்தியாவின் கையில் இருந்தது, காகிதத்தில் பிரான்ஸின் பெயரில் இருந்தது.

அதனால்தான் இன்றும் நவம்பர் 1 விடுதலை நாளாகவும், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாளாகவும் இங்கே தனித்தனியாகக் கொண்டாடப்படுகின்றன. பெயர் மாறியபோது மக்களுக்கும் ஒரு தேர்வு இருந்தது. ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்களா, இல்லையா என்பதுதான் பல குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைகள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதையே தீர்மானித்தது.

ஒரு ஊருக்கே காகிதம் இவ்வளவு முக்கியம் என்றால், கடன் வாங்கி ஒருவர் வாங்கும் கேமராவுக்கு முக்கியம் இல்லாமல் போகுமா?

காந்தி வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கடற்கரையிலிருந்து மேற்கே நடந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட். துணிமணி, செருப்பு, பாத்திரம் என்று புதுப்பொருள்கள் ஒரு பக்கம், பழைய சாமான்கள் இன்னொரு பக்கம். பேரம் பேசி, பணத்தைக் கொடுத்து, பொருளை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பில் கேட்பவர்களும் இல்லை, கொடுப்பவர்களும் இல்லை.

அதில் சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அசையும் பொருள் ஒன்றின் உரிமை விற்பவரும் வாங்குபவரும் எப்போது மாற வேண்டும் என்று நினைக்கிறார்களோ, அப்போதே மாறிவிடும். பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. நாற்காலிக்கும் இதுதான், நான்கு லட்சம் ரூபாய் கேமராவுக்கும் இதுதான்.

ஆனால், அதே சட்டத்தின் 27-வது பிரிவு ஒரு எச்சரிக்கையும் வைத்திருக்கிறது. விற்பவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவருக்கு வராது. அதாவது, அது திருட்டுக் கேமராவாக இருந்தால் நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும் உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்கும்போது கொடுத்துவிட வேண்டியதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம்.

பழைய பைக் வாங்கினால் இந்தப் பயம் குறைவு. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. விற்பவர் 14 நாள்களுக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய செல்போனுக்கும் வழி உண்டு. கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அந்த போன் முடக்கப்பட்டதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி சேவை சொல்லிவிடும். கேமராவுக்கு ஆர்.சி. புத்தகமும் இல்லை, இப்படியொரு அரசு எண்ணும் இல்லை. அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர்தான் அதற்கு ஒரே அடையாளம். அந்த நம்பருக்கு உரிய பதிவேடு இருப்பது தயாரிப்பு நிறுவனத்திடம்.

பதிவேட்டில் யார் பெயர்?

முத்தியால்பேட்டையில் 24 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் நகையை அடகு வைத்து, தெரிந்தவர் ஒருவரிடம் 80,000 ரூபாய்க்குப் பழைய கேமரா வாங்குகிறார். மூன்று முகூர்த்தம் நன்றாகப் போகிறது. நான்காவதில் ஷட்டர் நின்றுவிடுகிறது. பழுது பார்க்கக் கொண்டுபோனால் கவுன்ட்டரில் முதல் கேள்வியே, "தம்பி, பில்லு யார் பேர்ல இருக்கு?"

இந்த ஒரு கேள்விக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, உத்தரவாதம். பல நிறுவனங்களின் வாரன்ட்டி, முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் பொருந்தும். அட்டையில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி விற்றாலும், அந்த எட்டு மாதம் வாங்கியவருக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது, காப்பீடு. பழைய சொந்தக்காரர் எடுத்த பாலிசி, கேமராவோடு சேர்ந்து தானாக வந்துவிடாது. மண்டபத்தில் பை திருடுபோனால், பாலிசியில் பெயர் இல்லாதவர் இழப்பீடு கேட்க முடியாது.

மூன்றாவது, மென்பொருள் உரிமம். இப்போதைய தொழில்முறை கேமராக்களில் சில வசதிகள் பெட்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும். தனியாகப் பணம் கட்டி உரிமம் வாங்கினால்தான் திறக்கும். சினிமாவில் பயன்படும் ஆரி கேமராக்களில் இந்த உரிமம் கேமராவின் சீரியல் நம்பரோடு கட்டப்பட்டிருக்கிறது. எனவே கேமரா கைமாறும்போது உரிமமும் கூடவே போகும். ஆனால், ஆளின் பெயரிலோ, இணையக் கணக்கிலோ கட்டப்பட்ட உரிமங்கள் அப்படிப் போகாது.

நான்காவது விஷயம்தான் பலரும் கேள்விப்படாதது. அது பெயர் மாற்றக் கட்டணம். உலகச் சந்தையில் சில தொழில்முறைக் கருவிகளின் தயாரிப்பாளர்கள், பதிவேட்டில் பழையவர் பெயரை எடுத்துவிட்டுப் புதியவர் பெயரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் கேமரா படம் எடுக்கும். ஆனால், சர்வீஸ், மென்பொருள் மேம்பாடு, வாடிக்கையாளர் உதவி என்று எங்கே போனாலும் புதியவர் அந்நியர்தான்.

இந்தக் கட்டணம் நியாயமா? ஒருமுறை முழு விலைக்கு விற்ற பொருளுக்கு, அது கைமாறும் ஒவ்வொரு முறையும் நிறுவனம் இன்னொரு தடவை காசு பார்ப்பது சரியில்லை என்பது வாங்குபவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. கட்டணத்தை யார் கட்டினாலும் அது பழைய கேமராவின் விலையிலிருந்துதான் போகிறது. அதிகம் பாதிக்கப்படுவது புதிய கேமரா வாங்க முடியாமல் பழையதைத் தேடி வருகிறவர்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பெயர் மாற்றம் என்று ஒரு நடைமுறை இருந்தால், விற்பவர் தன் பெயரில் பொருள் இருப்பதைக் காட்டியாக வேண்டும். திருட்டுக் கேமராவை அப்படிக் காட்ட முடியாது. தவணைக் கடன் முடியாத கேமராவும், பழுதை மறைத்து விற்கும் கேமராவும் வெளியே தெரிந்துவிடும். ஆக, பெயர் மாற்றம் என்ற நடைமுறை வாங்குபவருக்கும் நல்லதுதான். பிரச்னை, அதற்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதும், அதை முன்கூட்டியே சொல்கிறார்களா என்பதும்தான். சோதனைக்கும் பதிவுக்கும் ஆகும் செலவை வாங்கிக்கொள்வது ஒன்று. பழைய பொருள் சந்தையையே முடக்கும் அளவுக்குக் கேட்பது வேறு.

சொந்தம் என்பதையே கொடுக்காத நிறுவனமும் உண்டு. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற பானாவிஷன் தன் சினிமா கேமராக்களை விற்பதே இல்லை. வாடகைக்கு மட்டும்தான். அங்கே பெயர் மாற்றம் என்ற கேள்விக்கே இடமில்லை.

பிரான்ஸ் கொடுத்த பரிசு

கேமராவைத் தயாரித்தவருக்கும் பயன்படுத்துகிறவருக்கும் இடையே இந்த உரிமைத் தகராறு புகைப்படத்தின் வயதே உடையது. அதன் முதல் காட்சி, இந்த ஊரை அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரான்ஸில் நடந்தது.

லூயி டாகேர் கண்டுபிடித்த 'டாகேரியோடைப்' புகைப்பட முறையை பிரெஞ்சு அரசு 1839-ல் வாங்கியது. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 ஃபிராங்க், அவரோடு சேர்ந்து உழைத்து மறைந்த நியப்ஸின் மகனுக்கு 4,000 ஃபிராங்க் என்று ஆயுள்கால ஓய்வூதியம் கொடுத்தது. ஆகஸ்ட் 19-ம் தேதி அந்த முறையைப் பகிரங்கமாக அறிவித்து, உலகம் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றது.

ஆனால், அதற்கு ஐந்து நாள்கள் முன்பே டாகேர் தரப்பு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டது. அதனால், பிரான்ஸில் எவர் வேண்டுமானாலும் ஸ்டூடியோ திறக்கலாம், இங்கிலாந்தில் மட்டும் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தது. அங்கே ரிச்சர்ட் பியர்ட் என்பவர் அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கி, மற்றவர்களுக்கு உரிமம் விற்றார். உரிமம் இல்லாமல் தொழில் செய்தவர்கள்மீது வழக்கும் போட்டார். ஒரே கருவி, ஒரே முறை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் இலவசம், அந்தப் பக்கம் கட்டணம்!

லாஸ்பேட்டையும் 100 ரூபாய் பெயர் மாற்றமும்

கேமராவுக்கு அரசுப் பதிவேடு இல்லை என்றோம். ஆனால், பறக்கும் கேமராவுக்கு இருக்கிறது. கடற்கரையையும் வெள்ளை நகரத்தின் ஓட்டுக்கூரைகளையும் மேலிருந்து எடுக்க ஆசைப்படாத கல்யாணப் புகைப்படக்காரர் யார்? அதற்குத்தான் ட்ரோன்.

2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி, ட்ரோனுக்கு யூ.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண் வாங்க வேண்டும். அதை விற்றாலோ, குத்தகைக்கு விட்டாலோ, பரிசாகக் கொடுத்தாலோ டி-3 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பிப் பெயர் மாற்ற வேண்டும். கட்டணம் 100 ரூபாய். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், எந்த ட்ரோன் என்ற மூன்றும் பதிவாகிவிடும். பெயர் மாற்றம் என்பது எளிமையாகவும் மலிவாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதுவே உதாரணம்.

ஆனால், பழைய ட்ரோன் வாங்குவதில் வேறு சிக்கல்கள் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. அரசு, ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் வெளிநாட்டு ட்ரோன்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. யூ.ஐ.என். இல்லாத ட்ரோனுக்குப் பெயர் மாற்றவே வழியில்லை. டி.ஜே.ஐ. போன்ற ட்ரோன்கள் முந்தைய சொந்தக்காரரின் இணையக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். அவர் விடுவித்துத் தந்தால்தான் புதியவர் தன் கணக்கில் சேர்க்க முடியும். பணத்தை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டால் அலைச்சல்தான்.

இன்னொன்று. செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே கட்டுப்பாடு உண்டு. அங்கே உரிய அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கும் கடற்கரைச் சாலைக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இல்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்த, ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ட்ரோனை முறையாகப் பெயர் மாற்றி வாங்கியிருந்தாலும், இந்த ஊர் வானத்துக்குத் தனி அனுமதி தேவை என்பதை மறக்கக் கூடாது.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்!

முத்தியால்பேட்டை இளைஞர் பணம் கொடுக்கும் முன் என்னவெல்லாம் செய்திருக்கலாம்?

* அசல் பில்: பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கேமராவில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். தவணையில் வாங்கிய கேமரா என்றால், கடன் முடிந்ததற்கான சான்றையும் கேட்க வேண்டும்.

* பழைய படம் ஒன்று: விற்பவர் முன்பு அதே கேமராவில் எடுத்த படம் ஒன்றை எடிட் செய்யாமல் அனுப்பச் சொல்லலாம். பல கேமராக்கள் படத்துக்குள்ளேயே தங்கள் சீரியல் நம்பரைப் பதிந்து வைக்கும். நம்பர் பொருந்தினால் கேமரா அவரிடம் இருந்தது உண்மை என்று தெரியும்.

* ஷட்டர் கணக்கு: கேனான் 5டி மார்க் 4-ன் ஷட்டர் 1,50,000 முறை வரையிலும், நிக்கான் டி850-ன் ஷட்டர் 2,00,000 முறை வரையிலும், கேனான் ஆர்5-ன் ஷட்டர் 5,00,000 முறை வரையிலும் சோதிக்கப்பட்டவை. ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம் என்றாலே, 40 கல்யாணத்தில் 1,60,000 ஆகிவிடும். 'லேசாகத்தான் யூஸ் பண்ணினேன்' என்ற பேச்சை இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

* நிறுவனத்திடம் மூன்று கேள்விகள்: பெயரை மாற்ற முடியுமா? எவ்வளவு கட்டணம்? பாக்கி வாரன்ட்டி எனக்குச் செல்லுமா? பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகே விலை பேச வேண்டும். கட்டணம் உண்டென்றால், அதை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

* ஒரு பக்க விற்பனைக் கடிதம்: இரு தரப்புப் பெயர், முகவரி, மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி, கையெழுத்து. பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கொடுத்தால் அதுவும் சான்று.

* கணக்கு நீக்கம்: பழையவரின் இணையக் கணக்கு, செல்போன் இணைப்பு எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே நீக்கிவிட வேண்டும். விற்பவரும் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ள வேண்டும். அதில் இருப்பது இன்னொரு குடும்பத்தின் கல்யாணம்.

கடையில் பில் போட்டு வாங்கினால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கும். 'தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஒற்றை ஆளாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

மணி 7.30. கடற்கரைச் சாலையில் தடுப்புகள் விலக, முதல் வண்டிகள் வரத் தொடங்குகின்றன. ஜோடிகள் வீதிகளுக்குள் நகர்கிறார்கள். கேமராவைப் பையில் வைக்கும் முன் அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் சீரியல் நம்பர், உங்கள் பெயரோடு சேர்ந்து ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்கிறதா?

இல்லையென்றால், இன்றைக்கே விற்றவருக்கு ஒரு போன் போட்டு, அந்த ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊரின் காகிதம் வர எட்டு ஆண்டுகள் ஆயின. உங்கள் கேமராவின் காகிதத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.